கோர்ட் கலையும் வரை

இருபத்தாறு வயது ஆண்பிள்ளை எந்த நேரத்தில் சின்னப் பையனாகிறான் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். 'குற்றவாளி' என்று மாஜிஸ்திரேட் படித்து முடிப்பதற்கும், தண்டனை என்ன என்று சொல்வதற்கும் நடுவில் இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில்தான். அதுவரை டிராக்டர் ஓட்டி, ஆள் வைத்து வேலை வாங்கி, ஊர்த் திருவிழாவில் மைக்கைப் பிடித்துப் பேசியவன், திடீரென்று உலகம் தெரியாத பிள்ளையாகிவிடுவான். முதல் குற்றம் என்பார் வக்கீல். வயதான தாயார் இருப்பார். பெரும்பாலும் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கும். நான் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில் இந்த வரிகளைக் காகிதத்தைப் பார்க்காமலே அடிப்பேன். மிஷினே பாதியை அடித்துவிடும் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

பெரம்பலூரில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. ரயில் கிடையாது என்பதால் நீதி உட்பட எல்லாமே பஸ்ஸில்தான் அந்த ஊருக்கு வந்து சேரும். குரும்பலூரிலிருந்து வரும் காலை பஸ்ஸில் வரப்புத் தகராறு வழக்கின் வாதியும் பிரதிவாதியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொண்டு வருவார்கள். கோர்ட் வாசலில் பிரிந்து ஆளுக்கொரு வேப்பமரத்தடிக்குப் போய் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். வாய்தா முடிந்தால் மறுபடியும் ஒரே பஸ். டவாலி வராண்டாவில் நின்று பெயரை மூன்று முறை கூவுவார். மூன்றாவது முறை கூவும்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவனுக்கும் கேட்கும். உள்ளே வருகிறவர்கள் செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழே கழற்றி விட்டுவிட்டு வருவார்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. மழைநாளில் அந்தச் செருப்புகள் எல்லாம் நனைந்து ஊறிக் கிடக்கும். அப்போதும் கழற்றாமல் வரமாட்டார்கள். சாயங்காலம் ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போய், அது தனியாக ஒரு தகராறாகும்.

அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் மனது இளகுகிறது. புதுக் கார்பன் தாளின் வாசனை, வழக்குக் கட்டுகளைக் கட்டும் சிவப்பு நூல், பதினொரு மணிக்கு ஈயத்தூக்கில் வரும் டீ. டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கும் அந்தச் சின்ன மணி. நாங்கள் பெரிய காரியம் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்குமே இருந்தது. வெளியே செருப்பை விட்டு வந்தவர்களுக்கும் அந்த நினைப்பு இருந்தது என்பதுதான் விசேஷம்.

சில வருடம் கழித்துப் பெஞ்சு கிளார்க்காக உயர்த்தி, அரியலூர்ப் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவதூறு வழக்குப் போடுவார்கள். வாய்தாவுக்கு அலைகிற வயதில் நான் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் சாலை ஓரத்து மரமெல்லாம் வெளுத்திருக்கும் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சு கிளார்க் என்றால் மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே, அவர் மேசையை ஒட்டி உட்காருகிறவர். எந்தக் கட்டு முதலில் போகவேண்டும், எது கடைசியில், எது அடுத்த மாதம் என்பதெல்லாம் அவர் கையில். தீர்ப்பு மட்டும்தான் மாஜிஸ்திரேட் கையில்.

எங்கள் மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். யாரையும் புண்படுத்தத் தெரியாதவர். அந்தப் பழக்கத்தைத் தண்டனையிலும் கடைப்பிடித்தார்.

தண்டனைகளில் ஒன்று உண்டு. 'கோர்ட் கலையும் வரை சிறை' என்று அதற்குப் பெயர். சிறைக்கு அனுப்பமாட்டார்கள். குற்றவாளி அன்றைக்குக் கோர்ட் முடிகிறவரை ஹாலின் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் எழுந்து உள்ளே போனதும் இவனும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். சட்டத்தின் கண்ணில் அது முழுச் சிறைத்தண்டனை. சீட்டாடியவனுக்கும் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவனுக்கும் கொடுப்பதற்குப் பொருத்தமான தண்டனை என்று நானும் ஒப்புக்கொள்வேன். எங்கள் கோர்ட்டில் அதற்கு மேலும் ஒரு சலுகை இருந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு மாஜிஸ்திரேட் எழுந்தாலே, 'கோர்ட் எழுந்துவிட்டது' என்று டவாலி கண்ணைக் காட்டுவார். குற்றவாளி அபராத ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. எனக்கு முன்னால் இருந்த கிளார்க் எனக்குச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. நான் கேள்வி கேட்கவில்லை.

தா.பழூர்ப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தது இந்தக் கோர்ட்டுக்குத்தான்.

இருபத்தைந்து வயது இருக்கும். நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவள். அவள் வேலை செய்த வயலின் சொந்தக்காரர் மகன் மேல் கேஸ். மோட்டார் கொட்டகைக்குள் என்ன நடந்தது என்பதை அவள் போலீஸ் ஸ்டேஷனில் முழுதாகச் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டவர் 'கையைப் பிடித்து இழுத்தான்' என்று எழுதினார். அந்த நாளில் எல்லா ஸ்டேஷனிலும் இதற்கு அந்த ஒரே வாக்கியம்தான். பெண்ணுக்கு என்ன நேர்ந்திருந்தாலும் காகிதத்துக்கு வரும்போது கையைப் பிடித்து இழுத்ததாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கினால் பெரிய கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை, எங்களிடமே முடிந்துவிடும். உச்சபட்சம் இரண்டு வருடம். குறைந்தபட்சம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

ஒன்பது வாய்தா. ஒவ்வொன்றுக்கும் வந்தாள். கணவன் வந்ததில்லை, இரண்டு பேரும் வந்தால் இரண்டு கூலி போய்விடும். அவனுடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், துணைக்கு வருவாள். நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏழாவது வாய்தாவில் நான் தேதி சொன்னதும் அவள் கேட்டாள்:

"ஏன் சார், அவன் பண்ணுனது ஒரு நாளு. அத விசாரிக்க எத்தன நாளு சார் வேணும் உங்களுக்கு?"

"அண்ணி, சும்மா இரு" என்றாள் இவள்.

"நான் சும்மாத்தான்டி இருக்கேன். சார்தான் சும்மா இருக்காம தேதி தேதியா குடுத்துக்கிட்டு இருக்காரு."

இவளுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாய்தாவின்போது வராண்டாவில் நின்று அவளே சொன்னாள். புகார் கொடுத்த நாளிலிருந்து நடவு ஆட்கள் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. பதினைந்து இருபது பெண்களாகச் சேர்ந்து போவார்கள். ஊரில் பாதி வயல் அந்த வீட்டாருடையது அல்லது அவர்கள் சொந்தக்காரருடையது. 'பொய்க் கேசு போட்டவ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அவன தூக்குல போடச் சொல்லலைங்க சார். நான் பொய் சொல்லலன்னு கோர்ட்டு சொல்லணும். அது ஊருக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றாள். அது ரொம்பச் சின்ன விஷயமாகத்தான் எனக்குப் பட்டது. நிரூபணமானால் தானாகத் தெரிந்துவிடப் போகிறது.

நிரூபணமானது. அவள் சாட்சி சொன்ன விதம் அப்படி. கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கிற வழக்கம் அப்போது வரவில்லை. ஹால் நிறைய ஆட்கள், அவன் வீட்டு ஆட்களே ஒரு இருபது பேர், எல்லோர் முன்னிலையிலும் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கேள்விக்கு மாத்திரம் அவள் திருப்பி, "இத உங்க வூட்டுல கேட்டுட்டு வந்து என்னக் கேளுங்க" என்றாள். மாஜிஸ்திரேட் மேசையில் தட்டி அமைதி அமைதி என்றார்.

தீர்ப்பு நாள். இங்கிலீஷில் இருபது நிமிடம் படித்தார். அவள் சொன்னது ஒவ்வொன்றையும் நம்புவதாகத் தீர்ப்பில் இருந்தது. நல்ல தீர்ப்பு. அப்புறம் அந்த இரண்டு நிமிடம் வந்தது. அவன் பையனானான். தாயார் வயதானார். வக்கீல் தயவு கேட்டார். கோர்ட் கலையும் வரை சிறை, அத்துடன் அபராதம் என்று மாஜிஸ்திரேட் முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் என் மேசைக்கு வந்தாள்.

"என்னங்க சார் சொன்னாரு?"

"குற்றவாளின்னு சொல்லிட்டாரும்மா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். நாத்தனார்தான் கேட்டாள். "எத்தன வருசம் சார்?"

"வருஷமில்ல. கோர்ட் கலையிற வரைக்கும்."

"எந்தக் கோர்ட்டு?"

"இந்தக் கோர்ட்டுதான்."

"இது எப்ப கலையும்?"

"சாயங்காலம்."

"எந்த வருசத்துச் சாயங்காலம் சார்?"

நான் விளக்கினேன். இது சிறைத்தண்டனைதான், சட்டப்படி அவன் இப்போது கைதி, அதோ பின்பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றெல்லாம் சொன்னேன். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வருகிற மாதிரி சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மாமன் ஜன்னல் வழியாக ஒரு கோலிசோடாவை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார்.

"சரி சார். சாயங்காலம் வரைக்கும் நாங்க இருந்து பாத்துட்டுப் போறோம்" என்றாள்.

இதற்கு முன்னால் யாரும் அப்படி இருந்து பார்த்ததில்லை. தண்டனையை யாரும் இருந்து பார்க்கமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் எங்கள் வழக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணிக்கு மாஜிஸ்திரேட் சாப்பாட்டுக்கு எழுந்தார். டவாலி கண்ணைக் காட்டினார். நான் என் டிபன் கேரியரைத் திறந்து முதல் கவளத்தை எடுத்திருப்பேன். வாசலில் நிழல் விழுந்தது. இரண்டு பேரும் நின்றார்கள்.

"உள்ள வைக்கிறதுன்னா ஓட்டலுக்கு உள்ள வைக்கிறதா சார்?" என்றாள் நாத்தனார்.

"என்னம்மா?"

"நாங்க ஒரு டீ குடிக்கலாம்னு போனோம். அங்க இலை போட்டு உக்காந்துருக்கான். ரெண்டாவது தடவ சாம்பார் கேட்டு வாங்குறான். செயில்ல அப்படித்தான் ஊத்துவாங்களா?"

இவள் குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலம்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

சாப்பாட்டுக்கு எழுந்ததும் கலைந்ததாகத்தான் அர்த்தம் என்ற எங்கள் வியாக்கியானத்தை அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனையோ வக்கீல்களிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூடச் சிரித்ததில்லை. இந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. டவாலியைக் கூப்பிட்டு, "போய் அந்த ஆளைக் கூட்டிக்கிட்டு வாய்யா" என்றேன்.

"அவன் போயிட்டான் சார். எப்பவும் உள்ளதுதானே" என்றார் டவாலி.

"ஓட்டல்லதான் இருக்கான். போ."

வெற்றிலையை மென்றுகொண்டே வந்தான். மாமன் பின்னாலேயே வந்து, "என்ன சார் புதுப் பழக்கம்? ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம்னு சொன்னாங்களே" என்றார். கோர்ட் இன்னும் கலையவில்லை என்றேன். அவன் மறுபடி பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒரு வீம்பு புகுந்துகொண்டது. மாஜிஸ்திரேட் வழக்கமாக மூன்றரை, மிஞ்சினால் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். அன்று நான் எழவிடவில்லை. சட்டப்படி ஐந்தே முக்கால் வரை உட்காரலாம். அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த கட்டுகளையெல்லாம் இறக்கினேன். விளக்கில்லாத சைக்கிள், சைக்கிளில் இரண்டு பேர், தடுப்பூசி போடாத நாய், சாலையில் மாட்டைக் கட்டியவர். பறிமுதல் செய்த சாமான் பட்டியல், இரண்டு வருடமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்த பதிவேடு. ஒன்று முடிவதற்குள் அடுத்ததை நீட்டினேன்.

நாலரை மணிக்கு மாஜிஸ்திரேட் என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார். "என்னய்யா, இன்னிக்கு உனக்கு வேலை மேல இப்படி ஒரு ஆசை?"

"பெண்டிங் அதிகமாயிட்டுது சார்."

"நேத்து இல்லாத பெண்டிங்கா?"

"இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது சார்."

அவருக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பின்பெஞ்சில் அவன் கொட்டாவி விட்டான், எழுந்து நின்றான், டவாலி உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நாத்தனார் மாத்திரம் வராண்டாவில் காலை நீட்டிப் போட்டுத் தூங்கினாள். ஐந்தரைக்கு மாஜிஸ்திரேட் எழுந்தார். கோர்ட் கலைந்தது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் கோர்ட்டில் அந்தத் தண்டனையை முழுதாக அனுபவித்தவன் அவன் ஒருவன்தான். அவள் ஜன்னலிலிருந்து எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஏதோ நானே நீதி வழங்கிய மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு கட்டுகளைப் பூட்டினேன்.

ஐந்தே முக்கால் பஸ் தா.பழூர் போகிற பஸ். பாதி வழியில் என் ஊர். தினமும் நான் ஏறுகிற பஸ்தான். அதை விட்டால் இரவு ஒன்பது மணிக்குத்தான். அன்றைக்கு ஏறிப் படிக்கட்டைத் தாண்டியதும்தான் நான் செய்து வைத்த காரியம் எனக்குத் தெரிந்தது. வழக்கம்போல விட்டிருந்தால் அவன் இரண்டு மணி பஸ்ஸில் போயிருப்பான். என் சாமர்த்தியத்தால் அவனும் அவன் வீட்டு ஆட்களும் அவளும் ஒரே பஸ்ஸில். அவர்கள் முன்னால் வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். இவளும் நாத்தனாரும் பெண்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, பஸ் எத்தனை மணிக்கு என்பது தோன்றவில்லை.

ஊர் தாண்டி இரண்டாவது ஸ்டாப்பிங்கில் உர மூட்டையோடு ஒருவர் ஏறினார். அவர்கள் ஊர்க்காரர்தான். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும், "என்ன மாப்ள, கேஸு என்னாச்சு?" என்றார்.

மாமன் பதில் சொன்னார். "முடிஞ்சிருச்சு. வூட்டுக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறோம். பாத்தா தெரியல?"

"அப்ப பொய்க் கேசுதான்னு சொல்லு."

"நாங்க என்னத்தச் சொல்றது. நீங்களே பாத்துக்குங்க."

அவன் சிரித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"பொய்க் கேசு இல்ல. அவன குத்தவாளின்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அவள்.

"குத்தவாளின்னா செயில்லல்ல புள்ள இருக்கணும்? பஸ்ல எப்படி வருவான்?"

பஸ் முழுதும் திரும்பிப் பார்த்தது. அவள் என்னைக் கண்டுபிடித்தாள். "கோர்ட்டு சார் நிக்கிறாரு பாருங்க. அவரையே கேளுங்க."

கோர்ட் விஷயத்தை வெளியில் பேசக்கூடாது என்று ஒரு விதி உண்டு. பகிரங்கமாகப் படிக்கப்பட்ட தீர்ப்புக்கு அது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் அந்த விதிக்குள் ஒளிந்துகொள்ள ஒரு கணம் பார்த்தேன். கையில் டிபன் கேரியரோடு கம்பியில் தொங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் ஒளிவது?

"குற்றம் நிரூபணமாச்சு. குற்றவாளிதான்" என்றேன்.

பஸ் அடங்கியது. மாமன் முகம் சுருங்கியது. அந்த நேரத்தில் நான் இறங்கிப் போயிருக்கவேண்டும்.

"அப்ப தண்டனை?" என்றார் உர மூட்டைக்காரர்.

"சிறைத்தண்டனை."

"எத்தன நாளு?"

"இன்னிக்குத்தான்."

"இன்னிக்கா? எப்ப உள்ள போறான்?"

"போயிட்டு வந்துட்டான்."

"எப்ப?"

"இப்பதான். சாயங்காலத்தோட முடிஞ்சுது."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஆரம்பித்து முன்னால் வரை வந்தது. கண்டக்டர் பையைத் தூக்கிக் காட்டி, "நான் காலையில அஞ்சு மணியிலேருந்து இந்த வண்டிக்குள்ள நிக்கிறேன் சார். என்ன எப்ப விடுதலை பண்ணுவீங்க?" என்றார். டிரைவர் வரைக்கும் சிரித்தார். குற்றவாளியும் சிரித்தான், எல்லோரும் சிரிக்கும்போது அவன் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது அல்லவா.

நாத்தனார் விடவில்லை. "சிரிங்க சிரிங்க. உங்க வூட்டுல பொம்பளைங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்டயும் போய்ச் சொல்லிச் சிரிங்க" என்றாள். சில பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என் ஊர் வந்ததும் நான் அவள் பக்கம் பார்க்காமல் இறங்கினேன்.

அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்தத் திக்கிலிருந்து இந்த மாதிரிப் புகார் எங்கள் கோர்ட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. நாங்கள் மேலே அனுப்பிய அறிக்கையில், பெண்களுக்கு எதிரான குற்றம் அந்தச் சரகத்தில் குறைந்திருப்பதாக அழகாக எழுதினோம். டைப் அடித்ததைச் சரிபார்த்தவன் நான். எண்பதுகளில் சட்டத்தைத் திருத்தினார்கள். கையைப் பிடித்து இழுத்ததாகச் சுருங்காத பெரிய குற்றத்துக்கு ஏழு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றார்கள், போதுமான விசேஷக் காரணம் இருந்தால் குறைக்கலாம் என்று ஒரு வரியையும் அதன் வாலில் கட்டினார்கள். அந்த விசேஷக் காரணங்கள் என்னவாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மிஷினே அடித்துவிடும்.

ஆனால் அவள் வந்தாள். தீர்ப்புக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில், தனியாக. மறுபடியும் செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் வந்தாள்; எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"நடவுக்குக் கூப்புட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க சார். நீங்க சொன்னது பஸ்ல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். ஊருக்குள்ள அவங்க வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. விடுதலை ஆயிட்டான்னு பொங்க வச்சாங்க. எனக்கு எழுத்துல வேணும்."

தீர்ப்பின் நகல் கேட்கிறாள். அதற்கு முறை இருக்கிறது. தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்பின் நகலை உடனடியாக, இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். வழக்கைப் போட்டது சர்க்கார். அவள் வெறும் சாட்சி. அவளுக்கு வேண்டுமென்றால் மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, நகல் தாள் வாங்கிக் கொடுத்து, பெயர் பலகையில் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இதை நான் பாதி சொல்லும்போதே நிறுத்திவிட்டேன். கட்டுக்குள் அவனுக்கென்று தயாராக வைத்த இலவச நகல் அப்படியே இருந்தது. அவன் வாங்கிக்கொண்டு போகவில்லை. அவனுக்கு எதற்கு?

அதை உருவி அவளிடம் கொடுத்தேன். பதிவேட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். முப்பது வருடத்துக்கும் மேலான என் சர்வீசில் அதுதான் நான் தெரிந்து செய்த முறைகேடு. தெரியாமல் செய்ததெல்லாம் முறைப்படி இருந்தது.

அவள் ஏழெட்டுத் தாளையும் புரட்டினாள்.

"இதுல குத்தவாளின்னு எங்க சார் போட்டிருக்கு?"

கடைசிக்கு முந்தைய தாளில் அந்த வரியைக் காட்டிச் சிவப்புப் பென்சிலால் அடியில் கோடு போட்டேன்.

"இங்கிலீசா இருக்கே. எங்க ஊருல யாரு படிப்பா? பக்கத்துல தமிழ்ல எழுதிக் குடுங்க. நடவு ஆளுங்கள்ல ரெண்டு பேரு எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. கொஞ்சம் பெருசா எழுதுங்க."

ஓரத்தில் பெரிதாக எழுதினேன்: அவள் சொன்னது உண்மை என்று கோர்ட் நம்புகிறது. எதிரி குற்றவாளி. எழுதியதை அவளும் ஒருமுறை விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள். தலையை ஆட்டினாள். டைப்பிஸ்டாக இருந்த பழக்கம், என் கை தானாக அடுத்த வரிக்கு இறங்கி, 'தண்டனை' என்று ஆரம்பித்தது.

அவள் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து மறைத்தாள்.

"அத எழுதாதீங்க சார்" என்றாள். "சிரிப்பாங்க."